நீலத் தார்ப்பாய் போட்ட வீடு

சேசு மரி சூசை துணை
சிங்கப்பூர், ஜனவரி 11

ஏ அந்தோனி,

நான் ஒண்ணும் வேவு பாக்கல. "கெழட்டு வயசுல என்னைய வேவு பாக்குறியா"ன்னு போன்ல கத்திட்டு டப்புனு வச்சிட்ட. பதில் சொல்ல வாயத் தொறக்க விட்டாத்தானே? "இனிமே போன் பண்ணாத, போன்ல நீ சிரிக்கிற, சொல்ல வேண்டியத எழுது"ன்ன. இந்தா எழுதுறேன். அஞ்சாம் வகுப்போட நின்னவன் எழுத்து, எறும்பு ஊர்ற மாதிரிதான் இருக்கும். கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் படி.

வேவு பாக்குறது நான் இல்ல, ஆகாசம். நம்ம அபிகேல் இருக்காளே, என் மக வயித்துப் பேத்தி, அவளுக்குத் தஞ்சோங் பகார்ல வேல. நான் கப்பல் மூட்ட தூக்குன எடத்துல இப்ப அவ ஏசியில உக்காந்து உலகத்தையே படமாப் போடுறா. எந்த நாட்டுல வெள்ளம், எந்த நாட்டுல புயல், எத்தன வீடு போச்சு, எத்தன சனம் ரோட்டுக்கு வந்துச்சுன்னு படத்துல குறிக்கிற வேல. சனிக்கெழமையானா தேக்காவுல ரேஸ் கோர்ஸ் ரோட்டு மாடியில ஒரு ரூம்பு எடுத்து எங்கள மாதிரி சும்மா இருக்கவங்கள உக்கார வச்சிடுவா. ஆகாசத்துலேர்ந்து புடிச்ச படம் வரும். ஒவ்வொரு கூரையா பாத்து, நல்லா இருந்தா பச்ச, ஒடஞ்சிருந்தா ஆரஞ்சு, ஒண்ணுமே இல்லாட்டி செவப்பு. பிலிப்பீன்ஸ், பங்களாதேஷ், ஆப்பிரிக்காவுல மொசாம்பிக்னு ஒரு ஊரு, எல்லா நாட்டுக் கூரையும் எனக்கு இப்ப அத்துப்படி. ஏசி சும்மா, கோப்பி சும்மா, கறிபஃப் சும்மா. போகாம இருப்பேனா லா?

போன சனிக்கெழம நம்ம நாகப்பட்டினக் கரைய போட்டா. ஐப்பசிப் புயலு அடிச்ச மறுவாரம் எடுத்த படம். கோயில் கோபுரத்துலேர்ந்து மூணாவது தெரு, மொன வீடு. உன் வீடு. வாசப்பக்கம் பளிச்சுனு நீலம்! கூரை போனவங்கதான் நீலத் தார்ப்பாய் போடுவாங்கன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா புயலு முடிஞ்சு நான் கேட்டப்ப நீ என்ன சொன்ன? "ஒரு ஓடு கூட நகரல அண்ணே"ன்ன. இதத்தான் நான் கேட்டேன். இதுக்குத்தான் நீ கத்துன.

முட்டிவலி தைலத்துல அடங்குது. பிரசர் அளவா இருக்கு. உன் சுகர் எப்படின்னு எழுது. நீலத்தப் பத்தியும் எழுது.

உன் அண்ணன்
இஞ்ஞாசி

*

சேசு மரி சூசை துணை
மணல்மேட்டுக்குப்பம், ஜனவரி 30

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கு நான் நலம். அங்கு உங்கள் முட்டிவலி குறைந்தது கேட்டு நிம்மதி. எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடத்தான். அதற்குப் பயந்து டீயைப் பாதியாக்கிவிட்டேன்.

நீங்கள் பார்த்த நீலம், இறால் காயவைக்கப் போட்ட தார்ப்பாயாக இருக்கும். இல்லையென்றால் நீங்கள் பார்த்தது வேறு யார் வீடோ. இங்கே எல்லாத் தெருவிலும் முனை வீடு உண்டு. வயசான காலத்தில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டாம்.

பங்குச் சாமியார் மாறிவிட்டார். புது சாமியார் பூசையைச் சீக்கிரம் முடிக்கிறார். வேறு எழுத ஒன்றும் இல்லை. அபிகேலுக்கு என் முத்தம்.

தங்கை
அந்தோனியம்மாள்

*

சிங்கப்பூர், பிப்ரவரி 15

அழுமூஞ்சித் தங்கச்சிக்கு,

நல்லா இருக்கேன், நீயும் நல்லா இருப்பன்னு நம்புறேன். நம்புறேன்னு சொல்றது பேச்சுக்குத்தான். இப்ப நீ சொல்ற எதையுமே நான் நம்பல.

ஒண்ணு, அது எறாலு காயப்போட்ட தார்ப்பாயா இருக்கணும். இல்ல, அடுத்தவன் வீடா இருக்கணும். நீ ரெண்டையும் சொல்ற. திருடன் கூட ஒரே ஒரு பொய்யத்தான் சொல்லுவான் புள்ள. அதோட எறாலுக்குக் கீழ விரிப்பாங்களா, மேல கட்டுவாங்களா? பக்கத்துல நெழல் விழுந்திருக்கு, நான் பாத்தேன். தார்ப்பாய் ஆள் ஒசரத்துக்கு மேல நிக்குது. நெழல்ல காய்ற எறால நான் இந்த வயசு வரைக்கும் கண்டதில்ல.

கூரை ஒடஞ்சு போச்சு, அண்ணன்கிட்ட சொன்னா பொலம்புவான்னு மறைக்கிற. அதான் விஷயம். அதனால போன வாரம் உன் வீட்டுக்கு நான் ஆரஞ்சு போட்டுட்டேன். "நிச்சயமாவா தாத்தா?"ன்னு அபி கேட்டா. "என் கூடப்பொறந்தவ வீடு, எனக்குத் தெரியாதா"ன்னேன். ஒருத்தர் போட்டத இன்னொருத்தர் சரி பாக்கணும்னு அங்க ஒரு ரூல்ஸ். நம்ம கோயில்ல கித்தார் வாசிக்கிற ரயன்தான் பாத்தான். எங்க அபி பக்கம் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே சரின்னு அமுக்கிட்டான். அந்தக் கதய தனியா எழுதுறேன்.

நாங்க போடற புள்ளிய வச்சுத்தான் அந்தந்த ஊருல ஆளுங்க வீடு தேடிப் போவாங்களாம். வந்தா மறைக்காம காட்டு.

இஞ்ஞாசி

*

மணல்மேட்டுக்குப்பம், மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். ஆரஞ்சை உடனே எடுத்துவிடுங்கள். என் கூரை நன்றாக இருக்கிறது. என் வீட்டைத் தேடி யாரும் வர வேண்டாம்.

நாளை மறுநாள் சாம்பல் புதன். தவக்காலம் முழுவதும் கவிச்சி சாப்பிடுவதில்லை. இங்கே எல்லாரும் நலம்.

அந்தோனியம்மாள்

*

சிங்கப்பூர், மார்ச் 15

அந்தோனி,

சொகமா? எனக்கு ஒடம்பு சரியாத்தான் இருக்கு, மனசுதான் சரியில்ல.

"இங்கே எல்லாரும் நலம்"னு எழுதியிருக்க. யாரு எல்லாரும்? புள்ள குட்டி இல்லாத வீடு. மாப்பிள்ள போயி இருவது வருசம் ஆச்சு. நீயும் உன் கோழியும்தான் எல்லாருமா?

இத மட்டும் எழுதி உன்னைய கேலி பண்ணலாம்னுதான் இருந்தேன். ஆனா இன்னைக்குப் புதுப் படம் வந்திருக்கு. மாசிக் கடைசியில புடிச்சது. நீலத்தக் காணோம். ஓடெல்லாம் முழுசா இருக்கு. அந்த மட்டுக்கும் நீ சொன்னது நெசம். ஆனா கொல்லப்பக்கம், வேப்பமரத்துக்கும் கெணத்துக்கும் நடுவுல, புளியங்கொட்ட மாதிரி ஒண்ணு. நான் ரயனக் கூப்புட்டேன், அபியக் கூப்புட்டேன், பக்கத்து சீட்டு ஜரீனாவயும் கூப்புட்டேன். எல்லாரும் ஒரே வார்த்ததான் சொன்னாங்க. படகு.

சுனாமியில மாப்பிள்ள போன நாள்லேர்ந்து உன் வீட்டுச் செவுத்துல ஒரு துடுப்பக் கூட சாத்தி வைக்க விடமாட்ட. எவன் வீட்டுக் கல்யாணத்துக்கோ உன் வாசல்ல மீன் கூடை எறக்க வந்தவன வெளக்கமாத்தால அடிச்சவ நீ. உன் கொல்லையில எவன் படகு?

யாராவது எடத்த வளைக்கிறானா? ஒத்தப் பொம்பளன்னு மெரட்டுறானா? பக்கத்து வீட்டு மருதப்பனுக்கு உன் கொல்ல மேல எப்பவும் ஒரு கண்ணு. அவனா? இந்தக் கடுதாசி கெடச்ச அன்னைக்கே பதில் எழுது. இல்லாட்டி புது சாமியாருக்கே எழுதிடுவேன், அவர் பூசைய முடிக்கிற வேகத்துல உன் வீட்டுக்கு வந்துருவாரு.

அண்ணன்

*

சிங்கப்பூர், ஏப்ரல் 5

அந்தோனி,

உன்கிட்டேர்ந்து ஒரு வரி இல்ல. போன் பண்ணேன், எடுக்கல. திரும்பப் பண்ணேன், கட் பண்ணிட்ட. கட் பண்ண ஆள் இருக்குன்னா உசுரோட இருக்கன்னு அர்த்தம், அது போதும்னு உக்காந்தேன். அப்புறம், கட் பண்ணது நீதானான்னு ஒரு யோசன வந்துருச்சு.

இந்த வாரம் மாடி ரூம்புல உக்கார எடமில்ல. மியன்மாரு நெலநடுக்கம். பூராப் படமும் செவப்பு. சின்னப் புள்ளைங்க, ஆபீஸ் ஆளுங்க, எல்லாரும் வேலைய முடிச்சிட்டு வந்து கூரை கூரையா போட்டாங்க. நானும் போட்டேன். கேலி கீலி எதுவும் வரல எனக்கு. ஒரு வீட்ட செவப்பாக்கிட்டா படம் தானா அடுத்த வீட்டுக்கு நவுந்துரும். உள்ள யாரு சோறாக்கிட்டு இருந்தா, யாரு தூங்கிட்டு இருந்தான்னு பாக்க முடியாது. நான் மட்டும் படத்தத் திருப்பி அங்கேயே கொண்டாந்து வச்சிருந்தேன். "தாத்தா, அடுத்தது"ன்னா அபி.

லூர்து மாதா கோயில்ல உனக்கு ஒரு மெழுகுதிரி ஏத்தினேன். யாரு மெரட்டுனாலும் பயப்படாத. ஒரே ஒரு வரி எழுது, நான் பிளேன் ஏறிடுறேன்.

இஞ்ஞாசி

*

சேசு மரி சூசை துணை
மணல்மேட்டுக்குப்பம், ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

உயிர்ப்பு விழா வாழ்த்து. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிளேன் ஏற வேண்டாம். யாரும் என்னை மிரட்டவில்லை. போனைக் கட் பண்ணியதும் நான்தான்.

உயிர்ப்பு விழாவுக்கு முந்தின பெரிய வாரத்தில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் பைக்கில் வந்தார்கள். கையில் பெரிய போன். தெருமுனையில் நின்று, "கூரை இடிந்த அந்தோனியம்மாள் வீடு எது?" என்று சத்தமாகக் கேட்டார்கள். தெருவே என் வீட்டு ஓட்டுக்கூரையை அண்ணாந்து பார்த்துச் சிரித்தது. கதவைத் திறந்தது நான் இல்லை. அவர் திறந்தார்.

இனி மறைத்துப் பிரயோசனம் இல்லை. ஐப்பசியில் எனக்குக் கல்யாணம் நடந்தது, அண்ணே. கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, முறையாக. வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டிருந்தோம். புயல் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நாளைத் தள்ளிப்போட அவருக்கு இஷ்டமில்லை. "நாம தள்ளிப்போட்டது போதும்" என்றார். யாரோ ஒரு நீலத் தார்ப்பாய் கொடுத்தார்கள். அதைக் கட்டினோம். நீங்கள் மேலிருந்து பார்த்தது என் கல்யாணப் பந்தல்.

படகு அவருடையது. கொல்லைக்குள் கொண்டுவருவதற்கு முன்னால் என்னிடம் கேட்டார். நான் சரி என்று சொல்ல இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை கரையிலேயே போட்டிருந்தார்.

அண்ணனுக்கு ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன். முன்னே, கடல் கொண்டுபோன என் முதல் புருஷன் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, நீங்கள் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்தீர்கள். அவர் கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்த்தார் என்று "கொக்கு" என்று பெயர் வைத்தீர்கள். அன்றைக்கு நானும்தான் சிரித்தேன். நீங்கள் கப்பல் ஏறிப் போய்விட்டீர்கள். அந்தப் பெயர் இங்கேயே தங்கிவிட்டது. கரையில் கொக்கு, சாவடியில் கொக்கு, ரேஷன் கடையில் கொக்கு. அவருக்குப் பிடிக்கவே இல்லை. அந்தப் பெயருக்கு அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. தண்ணீர் வந்த அன்றைக்குச் சாயங்காலம் ஊரே கரை நெடுகத் தேடியது. "கொக்கு, கொக்கு" என்றுதான் கூப்பிட்டார்கள். அருளப்பன் என்று ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. எங்காவது மூச்சோடு கிடந்திருந்தால், அந்தப் பெயருக்கா பதில் சொல்லியிருப்பார்? இருபது வருஷமாக இதை யாரிடமும் நான் கேட்டதில்லை.

அதனால் இவர் பெயரை உங்களுக்கு எழுத மாட்டேன்.

இன்னொன்று. எதிர்வீட்டுத் தங்கத்தின் வீட்டில் கடல்பக்கச் சுவர் இரண்டும் விழுந்துவிட்டன. தகரக் கூரை மட்டும் நாலு கம்பத்தில் அப்படியே நிற்கிறது. வந்த பிள்ளைகள் அந்த வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை, அது உங்கள் படத்தில் பச்சையாம். மேலேயிருந்து பார்க்கிறவர்களுக்குக் கூரைதான் தெரியும். அதையாவது சரி பண்ணுங்கள்.

அந்தோனியம்மாள்

*

சிங்கப்பூர், மே 10

அந்தோனி,

உன் கடுதாசிய ஒரே மூச்சுல படிக்க முடியல. பாதியில மடிச்சு சட்டப் பையில வச்சிட்டு, தேக்கா பூராவும் ஒரு சுத்து சுத்துனேன். பூக்கட பாலகிருஷ்ணன் "என்ன பெருசு, இன்னைக்கு யாரையும் வம்புக்கு இழுக்கலயா?"ன்னான். அப்புறம் கோப்பிக்கடையில உக்காந்து மிச்சத்தப் படிச்சேன். கோப்பி ஆறிப்போச்சு.

மாப்பிள்ள அருளப்பன் பேருல இங்க பூசை வச்சிருக்கேன். சாமியார் பேர முழுசா வாசிச்சாரு. நான் மொத வரிசையில உக்காந்து கேட்டேன். அதுக்கு மேல எனக்கு எழுதத் தெரியல.

உன் வீட்ட பச்சையாக்கியாச்சு. தங்கம் வீட்டுக்குத்தான் பெரிய சண்ட. செவுத்துக்குக் கலரே இல்லையாம் அந்தப் படத்துல! "அப்ப என்னா படம் போடுறீங்க, சனம் கூரை மேலயா குடியிருக்கு?"ன்னு கத்திட்டேன். ரூம்பே திரும்பிப் பாத்துச்சு. அபி கோவப்படல. தங்கம் வீடு எதுன்னு என்னையவே காட்டச் சொல்லி, அங்க இருக்கவங்களுக்கு எழுதிப் போட்டா. மியன்மாருலயும் இப்படி எத்தன பச்ச வீடு இருக்கோன்னு சொல்லிட்டு, அந்தப் படத்த மறுபடியும் தொறந்தா.

இப்ப நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. அந்த ஆளு யாரு? குடிப்பாரா? உன் கோழிக்குத் தீனி போடுவாரா, இல்ல கோழியவே போட்ருவாரா? சந்தேகப்படுறேன்னு நெனைக்காத. நெனச்சுக்க, சந்தேகம்தான் படுறேன். தங்கச்சிய கட்டுனவன் மேல அண்ணன் படாம வேற யாரு படுவா? பேரு தெரியாம ராத்திரி செபத்துல "ஆண்டவரே, அந்தப் படகுக்காரரக் காப்பாத்து"ன்னு சொல்லிட்டு இருக்கேன். அவருக்கு எத்தன படகுக்காரரத் தெரியும்? ஆள் மாறிப் போயிரப் போவுது லா.

பேரு வைக்க மாட்டேன். மாதா மேல சத்தியம்.

அண்ணன்

*

சேசு மரி சூசை துணை
மணல்மேட்டுக்குப்பம், மே 30

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இருவரும் நலம். சர்க்கரையும் இறங்கியிருக்கிறது. காலையில் அவரோடு கரை வரை நடக்கிறேன். நீங்கள் நலமாயிருக்க இருவரும் வேண்டிக்கொள்கிறோம்.

தங்கம் வீட்டுக்கு அந்தப் பிள்ளைகள் மறுபடியும் வந்தார்கள். இந்தத் தடவை பைக்கை விட்டு இறங்கி வீட்டைச் சுற்றி வந்தார்கள். செங்கல் இறங்கியிருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். பூசை வைத்ததற்காகவும்தான்.

அவர் பெயர் சந்தியாகு. கீழ்த்தெரு. குடிப்பதில்லை. கோழிக்கு அவர்தான் தீனி போடுகிறார். அதே அலையில் அவருடைய மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் போனார்கள். மனைவி பெயர் அருள்மேரி. நினைவுக்கல்லில் பெயர்களை அகர வரிசையில் வெட்டியிருக்கிறார்கள். அருளப்பனுக்கு அடுத்த பெயர் அருள்மேரி. அதனால் வருஷா வருஷம் நானும் அவரும் கல்லுக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. பல வருஷம் பேசவில்லை. ஒரு வருஷம் என் பூ காற்றில் பறந்தது. அவர் தன் பூவில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். அவ்வளவுதான் எங்கள் கதை.

கல்யாணத்தன்று பெண்வீட்டுப் பக்கத்து பெஞ்சில் யாருமே இல்லை, அண்ணே. தங்கம்தான் எழுந்து வந்து உட்கார்ந்தாள். சொல்லாமல் செய்தது நான்தான். ஆனாலும் அந்த வெறும் பெஞ்சைப் பார்த்தபோது உங்கள் மேல்தான் கோபம் வந்தது.

அவர் படம் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். அபிகேல் டிக்கெட் போடுவதாகச் சொல்கிறாள். செப்டம்பரில் இருவரும் வருகிறோம். அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். இனி போன் பண்ணலாம்.

அந்தோனியம்மாள்

*

சேசு மரி சூசை துணை
சிங்கப்பூர், ஜூன் 14

அன்பான அந்தோனிக்கும் மாப்பிள்ள சந்தியாகுக்கும்,

இது நான் சொல்லச் சொல்ல அபி எழுதுறது. முந்தாநாள் கண்ணுல புரை எடுத்தாங்க. ஒரு கண்ணுல மூடி போட்டிருக்கு, கடற்கொள்ளக்காரன் மாதிரி இருக்கேன். வலி இல்ல. போன் பண்ணலாம்னு நீ சொன்னாலும் இந்த ஒண்ணு மட்டும் கடுதாசியா வரட்டும்னு நெனச்சேன். மாப்பிள்ளக்கு மொத மொத எழுதுறேன், போன்ல சொன்னா மருவாதியா இருக்காது.

சந்தியாகு. சந்தியாகு. சந்தியாகு. பாத்தியா, எத்தன தடவ சொல்லிட்டேன். மாத்தி எழுதாத அபி, நான் சொன்னத அப்படியே எழுது.

மாப்பிள்ள, உங்க கல்யாணத்துல பொண்ணு வீட்டு பெஞ்சு காலியாக் கெடந்துச்சாம். செப்டம்பர்ல சாங்கி ஏர்போர்ட்டுல வந்து பாருங்க. அபி, அவ அம்மா, ரயன், ஜரீனா, பாலகிருஷ்ணன், எல்லாரயும் வரிசையா நிறுத்துறேன். நான் முன்னால அட்டயப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். அட்டயில "திரு. சந்தியாகு"ன்னு எழுதியிருக்கும். வேற ஒண்ணும் எழுதியிருக்காது.

அருள்மேரிக்கும் அந்தப் புள்ளைங்களுக்கும் இங்க பூசை சொல்லணும். புள்ளைங்க பேரு எனக்குத் தெரியாது, எழுதி அனுப்புங்க.

போட்டோ கெடச்சுது. ஆப்பரேசனுக்கு முன்னாடியே நல்லாப் பாத்துட்டேன். ரொம்ப நேரம் பாத்தேன். நல்ல மனுசன்னு கண்ணுலயே தெரியுது. சந்தேகமெல்லாம் போச்சு. முக்காவாசி போச்சு.

இப்ப வர்றது மாப்பிள்ளக்கு இல்ல, அந்தோனி, உனக்கு மட்டும். அவருக்குப் படிச்சுக் காட்டாத. அந்த மீசைய என்னா சொல்றது, ரெண்டு பக்கமும் அப்படி மேல வளைஞ்சு நிக்குது. பாத்ததுமே ஒரு பேரு தானா வந்து என் நாக்கு மேல உக்காந்துக்கிச்சு. நான் வைக்கல, சத்தியமா நான் வைக்கல, அதுவா வந்துச்சு. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். உன்கிட்ட ஒரே ஒரு தடவ சொல்லி எறக்கி வச்சிட்டேன்னா தூங்கிருவேன். அபி, எழுது. ஏன் மொறைக்கிற? எழுதும்மா. அது என்னான்னா

அத்தைப் பாட்டி, தாத்தா இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு. நான் எந்திரிச்சு வந்துட்டேன். இதோட மடிச்சு போஸ்ட் பண்றேன்.
அபிகேல்